டூயல்ஷாக் 4-இன் ஜைரோ ஸ்விட்ச்சில் எடுபடுமா?

பெரியகை:
எனக்கு உள்ளங்கை அகலம். நிண்டெண்டோ ஸ்விட்ச் கன்சோலோடு வரும் ஜாய்-கான் என்ற சின்னக் கன்ட்ரோலர்கள் இரண்டையும் பிடியில் மாட்டி அரைமணி நேரம் ஆடினால் கட்டைவிரல் அடியில் பிடித்துக்கொள்கிறது. சோனியின் பிஎஸ்4-உடன் வந்த டூயல்ஷாக் 4 கன்ட்ரோலர் வீட்டில் சும்மா கிடக்கிறது, கை திரும்புவதை உணரும் ஜைரோ அதிலும் உண்டு. ஸ்விட்ச்சை டிவியோடு இணைக்கும் டாக்கில், வேறு கன்சோலின் கன்ட்ரோலரை ஏற்க வைக்கும் யூஎஸ்பி அடாப்டர் ஒன்றைச் செருகி, ஸ்பிளாட்டூன் 3 என்ற சுடும் ஆட்டத்தை டூயல்ஷாக்கில் ஆடலாமா என்று பார்க்கிறேன். பொத்தான்கள் வேலை செய்யும், அது தெரியும். கையைத் திருப்பினால் குறியும் திரும்புமா?

நேர்வழி:
வேண்டாம் நண்பா. பொத்தானை அழுத்தினால் அழுத்தியதுதான், எந்தக் கன்சோலுக்கும் அது புரியும். அசைவு அப்படியில்லை, அதில் பாதி வேலை கன்ட்ரோலரிலும் மீதி வேலை கன்சோல் பக்கமும் நடக்கிறது. 2006-இல் நிண்டெண்டோவின் வீ கன்சோலோடு வந்த வீ ரிமோட்டைப் பாருங்கள். டிவி மேல் வைக்கும் பட்டைக்கு 'சென்சார் பார்' என்று பெயர், ஆனால் அது எதையும் உணராது, உள்ளே அகச்சிவப்பு விளக்குகள்தான். கேமரா ரிமோட்டின் மூக்கில் இருக்கிறது. 2010-இல் பிஎஸ்3-க்கு வந்த பிஎஸ் மூவ் கன்ட்ரோலர் இதற்கு நேர் தலைகீழ்: ஒளிரும் உருண்டை கையில், கேமரா டிவி பக்கம், படத்தில் உருண்டை எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ அதை வைத்துத் தூரத்தைக் கணக்கிடும். மூவை வீயோடு சேர்த்தால் இரண்டு பக்கமும் விளக்கு, பார்க்கக் கேமரா இல்லை. வீ ரிமோட்டை பிஎஸ்3-இடம் கொண்டுபோனால் இரண்டு பக்கமும் கேமரா, பார்க்க விளக்கு இல்லை. வேறு கன்சோலின் அசைவுக் கன்ட்ரோலர் என்றாலே என் பதில் இதுதான்.

சாலிடர்கை:
நீங்கள் சொன்ன இரண்டும் சரி, ஆனால் அவர் கேட்டது டிவியை நோக்கிச் சுட்டிக்காட்டும் கருவியைப் பற்றி இல்லையே. ஜைரோ அளப்பது சுழலும் வேகத்தை, வினாடிக்கு இத்தனை டிகிரி என்று. டிவி எந்தச் சுவரில் இருக்கிறது என்பது அதற்குத் தேவையே இல்லை. சோனி செய்த சில்லாக இருந்தாலும் நிண்டெண்டோ வாங்கிப் பொருத்திய சில்லாக இருந்தாலும் மணிக்கட்டு 30 டிகிரி திரும்பினால் 30 டிகிரிதான். அடாப்டர் தன்னை ஒரு புரோ கன்ட்ரோலர் (ஸ்விட்ச்சுக்கு நிண்டெண்டோவே விற்கும் முழு அளவுக் கன்ட்ரோலர்) என்று ஸ்விட்ச்சிடம் சொல்லிக்கொண்டு, டூயல்ஷாக் தரும் எண்ணை ஸ்விட்ச் எதிர்பார்க்கும் அளவுக்கு மாற்றிக் கொடுக்கும். நான் இப்படித்தான் ஆடுகிறேன்.

ஆனால் எல்லா அடாப்டரும் ஒன்றில்லை, வாங்கும் முன் இதைக் கவனியுங்கள். ஸ்விட்ச்சின் கன்ட்ரோலர் ஒரு தடவை பேசும்போது அசைவின் 3 அளவுகளை, 5 மில்லிவினாடி இடைவெளியில் எடுத்தவையாக, சேர்த்து அனுப்பும். டூயல்ஷாக் 4 ஒரு தடவைக்கு ஒரே அளவுதான் தரும். சோம்பேறி அடாப்டர் அந்த ஒன்றையே மூன்று முறை எழுதி அனுப்பினால் குறி வழுக்கிக்கொண்டு போகாமல் படிப்படியாகத் தாவும். அப்புறம் பிழைத்திருத்தம், அதாவது ஒவ்வொரு சில்லின் சிறு பிழையையும் சரிக்கட்டுவது. ஜாய்-கான் தன் பிழைத்திருத்த எண்களைத் தனக்குள்ளேயே சேமித்து வைத்திருக்கும், கன்சோல் அதை வாசித்துக்கொள்ளும். அடாப்டர் அந்த இடத்தில் ஏதோ ஒரு எண்ணை வைத்தால், நீங்கள் கையை அசைக்காதபோதும் குறி மெல்ல நகரும். என் முதல் அடாப்டரில் கன்ட்ரோலரை மேஜையில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்து வருவதற்குள் திரை சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. மாற்றி வாங்கினேன், இப்போது பத்து நிமிடம் வைத்தாலும் அசைவதில்லை.

நேர்வழி:
அதைத்தான் சொல்கிறேன், ஒன்றுக்கு இரண்டு வாங்கியிருக்கிறீர்கள். அந்தப் பணத்துக்கு நிண்டெண்டோவின் சொந்த புரோ கன்ட்ரோலரே பக்கத்தில் வந்திருக்கும், அது பெரிய கைக்கும் பொருந்தும். ஆடும் ஆட்டம் மாறினால் என்ன செய்வார்? ரிங் ஃபிட் அட்வெஞ்சர் என்ற உடற்பயிற்சி ஆட்டத்துக்கு ஒரு ஜாய்-கான் கையில் பிடிக்கும் வளையத்தில், இன்னொன்று தொடையில். ஸ்விட்ச் ஸ்போர்ட்ஸுக்கும் ஜாய்-கான்தான். அங்கெல்லாம் டூயல்ஷாக் ஒன்றும் செய்யாது. இதைவிடப் பெரிய பயம் அப்டேட். 2023 நவம்பரில் எக்ஸ்பாக்ஸில் என்ன நடந்தது? அனுமதி பெறாத துணைக்கருவிகளைச் செருகினால் 0x82d60002 என்ற பிழை வந்து வேலையே நின்றது. நாளைக்கு மற்றவர்களும் அதைச் செய்ய எவ்வளவு நேரம் ஆகும்? நானும் நேர்மையாக ஆடுபவன், அடாப்டர் வழியாகச் சுடும் ஆட்டங்களில் மவுஸையும் தானியங்கி ஸ்கிரிப்டையும் நுழைப்பவர்களோடு மோதி வெறுத்துப்போனவன். பூட்டு போட்டால் எனக்கு வருத்தமில்லை.

ஒருகைஆட்டக்காரி:
எனக்கு வருத்தம் இருக்கிறது. என் இடது கையில் மூன்று விரல்கள் மடங்காது. வலது கையால் பிடித்து உடம்போடு சாய்த்துத்தான் குறிபார்க்கிறேன், அதற்கு வாகான கன்ட்ரோலர் வேறொரு கன்சோலுடையது, நடுவில் அடாப்டர் இல்லாமல் எனக்கு ஆட்டமே இல்லை. ஏமாற்றுபவனைப் பிடிக்க வேண்டும், சரி, ஆனால் அவன் செய்வது ஸ்கிரிப்ட், நான் செய்வது கையைத் திருப்புவது. இரண்டையும் ஒரே பூட்டில் அடைக்காதீர்கள்.

நேர்வழி:
உங்களைப் போன்றவர்களுக்கு வழி திறந்திருக்க வேண்டும், அதில் எனக்கு மறுப்பே இல்லை. அந்த வழியைக் கன்சோல் நிறுவனமே அனுமதி கொடுத்துத் திறக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

பெரியகை:
எக்ஸ்பாக்ஸிலும் ஜைரோவை இப்படிப் பயன்படுத்தலாமா? தம்பியிடம் ஒன்று இருக்கிறது.

சாலிடர்கை:
அங்கே நேர்வழி சொல்வதோடு ஒத்துப்போகிறேன், வேண்டாம். எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரில் ஜைரோவே கிடையாது, அதனால் அந்த எண்ணை வாங்கிக்கொள்ள ஆட்டத்தில் இடமும் இல்லை. அடாப்டர் அசைவை, கட்டைவிரலால் சாய்க்கும் வலது குச்சியின் சாய்வாக மாற்றித்தான் அனுப்ப முடியும். குச்சியின் நடுவில் சின்ன அசைவைக் கண்டுகொள்ளாத பகுதி ஒன்று உண்டே, நுணுக்கமாகக் குறிபார்க்கும் அசைவெல்லாம் அதிலேயே செத்துவிடும். ஸ்விட்ச்சுக்கு மட்டும் வாங்குங்கள். வந்ததும் மேஜையில் வைத்துப் பாருங்கள், குறி நகர்ந்தால் அன்றைக்கே திருப்பி அனுப்புங்கள்.