மறு: சுதேச மரமா, நாட்டுமரமா? (வெள்ளிக்கிழமை அச்சு)

வெள்ளவத்தை, மொழிபெயர்ப்பாளர்:
அமெரிக்க நகரங்களின் தோட்ட விதிகள் பற்றிய கைநூலொன்றைத் தமிழாக்குகிறேன். இரண்டு சொற்களில் சிக்கியிருக்கிறேன். 1981இல் டென்வரின் நீர் வழங்கல் நிறுவனம் உருவாக்கிய 'சீரிஸ்கேப்' ஒன்று. குறைந்த நீரில் தழைக்கும் செடிகளால் தோட்டம் அமைப்பது. மற்றது, அந்த மண்ணுக்கே உரிய, அனுமதியின்றி வெட்டக்கூடாத மரங்கள். 'வறள் தோட்டம்', 'சுதேச மரம்' என்று எழுதியிருக்கிறேன். பொருந்துமா?

கொட்டாஞ்சேனை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
தம்பி, சுதேசம் வடசொல். 'தெய்வம் உணாவே மா மரம் புள் பறை' என்று தொல்காப்பியர் மரத்தை, ஒவ்வொரு திணைக்கும், அதாவது நிலத்துக்கும், உரிய கருப்பொருளில் வைத்தார். 'திணைமரம்' என்று எழுதும். தோட்டத்துக்குக் 'குறுநீர்த் தோட்டம்'.

தெஹிவளை, சூழலியல் ஆசிரியை:
குறுநீரை அச்சகத்தில் யாராவது சிறுநீராக்கிவிடுவார்கள், ஐயா. 'வறள்' என்பதும் வேண்டாம். ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை பெறும் கொழும்பில் அதைப் படிப்பவர் கள்ளிச்செடியைத்தான் நினைப்பார். இலங்கையில் திணை என்றாலோ திணைக்களம், அதாவது அரசுத் துறை. 'பாதுகாக்கப்பட்ட திணைமரம்' வனத் திணைக்களத்தின் சொத்தாகிவிடும். நாட்டுக்கோழி எல்லோருக்கும் தெரியும், 'நாட்டுமரம்' போதும்.

தமிழாசிரியர்:
பிள்ளை, நம் ஊரில் மரத்தை நாட்டுகிறோம். நாட்டிய, நாட்டுகின்ற, நாட்டும் மரம் என்று அது வினைத்தொகையாகவும் விரியும். கோழிக்கு முன்னால் ஒற்று மிகுந்து ஐயத்தைத் தீர்க்கிறது. மரத்துக்கு முன்னால் மிகாதே! தென்னமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து கொழும்பு வீதியோரங்களில் நாட்டிய தூங்குமூஞ்சியும் நாட்டுமரம்தானோ?

கொழும்பு, சட்ட மொழிபெயர்ப்பாளர்:
நம் சட்டம் மரத்தின் பூர்வீகத்தை விசாரிப்பதில்லை. 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் காக்கும் ஈரப்பலா, பசிபிக் தீவுகளின் மரம். அமெரிக்காவிலும் பல நகரங்களில் மண்ணுரிமை மட்டும் போதாது. தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் தண்டின் விட்டத்தை அளந்தே அனுமதி தேவையா என்று தீர்மானிக்கிறார்கள். ஆகவே 'பாதுகாக்கப்பட்ட மரம்' என்பதைத் தனிச்சொல்லாக வையுங்கள். பூர்வீகத்தைச் சொல்லும் இடத்தில் மட்டும் 'உள்நாட்டு மரம்' வரட்டும்.

தமிழாசிரியர்:
கலிபோர்னியாவின் ஓக் யாருக்கு உள்நாடு?

மொழிபெயர்ப்பாளர்:
அந்த இடங்களில் 'அம்மண்ணின் மரம்' என்று விரித்தெழுதிவிடுகிறேன். தோட்டம், 'நீர்ச்சிக்கனத் தோட்டம்'. மூவர் உடன்பட்டிருக்கிறார்கள், பக்க அமைப்பாளர் காத்திருக்கிறார்.

தமிழாசிரியர்:
சிக்கனம் தமிழ்தானா என்று யாரும் கேட்கவில்லை. உள்நாட்டு என்றதும் எனக்கு வரி வசூலிக்கும் உள்நாட்டு இறைவரித் திணைக்களம்தான் நினைவுக்கு வருகிறது. திணைமரத்துக்கு என் வாக்கு அப்படியே இருக்கிறது.