ஆத்தங்குடி கல் முதலாளித்துவத்துக்கு மாற்றா?

பட்டறைப்பக்கம்:
ஆத்தங்குடி கல் என்பது காரைக்குடிப் பக்கம் கையால் வார்க்கும் வண்ணத் தரைக்கல். மெஷின் கிடையாது, சூளை கிடையாது. கண்ணாடி, அச்சு, சிமெண்டு, மணல், கை, அவ்வளவுதான். குஜராத்தின் மோர்பியிலிருந்து லாரியில் வரும் விட்ரிஃபைடு டைல்ஸ் ஏறக்குறைய 1,200 டிகிரியில் சுட்டது. அதை விட்டுவிட்டு ஆத்தங்குடி கல்லைப் போட்டால் தொழிலாளியும் பிழைப்பான், மண்ணும் பிழைக்கும். முதலாளித்துவத்துக்கு மாற்று கேட்பவர்கள் காரைக்குடி பக்கம் வந்து பார்க்கட்டும்.

உருப்படிக்கணக்கு:
மெஷின் இல்லையென்றால் முதலாளித்துவம் இல்லை என்று ஆகிவிடாது அண்ணே. மணல் யார் காசு, அச்சு யாருடையது, காய்ந்த கல்லை விற்பவர் யார், அதைப் பாருங்கள்.

கூலி கல்லுக்கு இவ்வளவு என்று பேசும் இடத்தில் வேலை எப்படி நடக்கிறது? கண்ணாடியைத் துடைத்து அச்சை வைக்கணும். வண்ணக் கலவையை அறை அறையாக ஊற்றணும். அச்சைத் தூக்கி, ஈரத்தை உறிஞ்ச உலர்ந்த சிமெண்டு மணலைத் தூவணும். அதன்மேல் ஈரக் கலவை போட்டு, கரணையால் அழுத்தி மட்டம் பிடிக்கணும். அச்சைத் தூக்கும்போது கை கொஞ்சம் ஆடினாலும் சிவப்பு மஞ்சளில் இறங்கிவிடும், அந்தக் கல் கழிவு. அதன் நஷ்டம் யார் தலையில்? அடைமழையில் கல் காயாத நாளுக்குக் கூலி எது? எண்ணிக்கைக் கூலி என்பது நேரக் கூலியின் மாற்று வடிவம்தான் என்றார் மார்க்ஸ். மேஸ்திரி நின்று விரட்ட வேண்டாம், எண்ணிக்கையே விரட்டும்.

பட்டறைப்பக்கம்:
தம்பி, கழிவைப் பட்டறை ஏற்கிற இடமும் உண்டு. மாதச் சம்பளம் போட்டால் கை வேகமானவர்தான் முதலில் கோபப்படுவார். இன்னொன்று: வார்த்த கல் நாள்கணக்கில் தொட்டியில் ஊறணும், பிறகு காயணும். அத்தனை நாளும் பணம் தண்ணீருக்குள் கிடக்கிறது. வீடு கட்டுபவரோ சதுர அடிக்கு ஐந்து ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுகிறார். முதலாளித்துவம் பட்டறையில் மட்டுமா இருக்கிறது?

உருப்படிக்கணக்கு:
நீங்கள் சொன்னதே என் கட்சிக்குச் சாட்சி. பணம் சீக்கிரம் சுழலணும், சிமெண்டு அவசரப்படாது. அது இறுகுவதற்குத் தண்ணீரும் நாளும் வேண்டும், முழு பலத்துக்கு 28 நாள் கணக்கு. தொட்டியில் ஒரு நாளைத் திருடினால் மயிரிழை விரிசல், வெள்ளையாக உப்புப் பூத்தல். நிறம் தூக்கலாகத் தெரிய ஆக்சைடு நிறப்பொடியை அள்ளிப் போடுவதும் இதே அவசரம்தான். சிமெண்டு எடையில் 10 சதவீதத்தைத் தாண்டினால் மேல்தோல் பலம் இழக்கும்.

கண்மாய்க்கரை:
இருவரும் மண்ணை மறந்துவிட்டீர்கள். 10 அங்குலக் கல், முக்கால் அங்குலக் கனம் என்றால் 75 கன அங்குலம். எடை ஏறக்குறைய 2.6 கிலோ. 1,000 சதுர அடிக்கு 1,440 கல், மூன்றே முக்கால் டன். எடையில் சிமெண்டு ஒன்றுக்கு மணல் மூன்று என்று வைத்தால் சிமெண்டு ஏறக்குறைய 19 மூட்டை, மணல் 2.8 டன். தரையில் போடும் கலவை தனி. ஓபிசி எனும் சாதாரண சிமெண்டு டன்னுக்கு 800 கிலோவுக்குக் குறையாமல் கரியமில வாயு. அதில் பாதிக்கு மேல் சுண்ணாம்புக்கல்லே வெந்து விடுவது, எரிபொருளை மாற்றினாலும் போகாது. சூளை இல்லை என்றா சொன்னீர்கள்? சூளை சிமெண்டு ஆலையில் இருக்கிறது. மணலோ, கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் ஓடையின் வயிறு.

பட்டறைப்பக்கம்:
கல்லின் பின்பக்கக் கலவைக்குப் பிபிசி எனும் சாம்பல் கலந்த சிமெண்டு போடலாமே. அதில் 15 முதல் 35 சதவீதம் அனல்மின் நிலையச் சாம்பல்தான்.

கண்மாய்க்கரை:
போடலாம், நல்லது. ஆனால் அது மெதுவாக இறுகும், தொட்டியில் கூடுதல் நாள் வேண்டும். மறுபடி அதே பணம், அதே தண்ணீர்.

வலசை:
நூறாண்டு தாண்டிய செட்டிநாட்டு வீடுகளில் இந்தக் கல் இன்னும் பளபளக்கிறது. அதைச் சொல்ல ஒருவரும் இல்லையா? கெட்டித்தன்மைதான் உண்மையான இயற்கைப் பாதுகாப்பு.

உருப்படிக்கணக்கு:
அந்த வீடுகள் எந்தக் காசில் எழுந்தன? பெரும்பங்கு செட்டியார்கள் பர்மாவில் நடத்திய வட்டித்தொழில். 1930இல் நெல் விலை விழுந்தது, குடியானவரால் கடனைக் கட்ட முடியவில்லை. கீழ்பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 1930இல் 6 சதவீதம், 1937இல் 25. அவர்கள் கேட்டது பணம், நிலமல்ல, அதுவும் உண்மை. ஆனாலும் தன் வயலிலேயே குத்தகைக்கு உழுதவன் பர்மாக்காரன். அந்த வீடுகளின் தேக்குத் தூணைத் தடவிப் பார்க்கிறவர்கள் இதையும் நினைக்கலாம்.

வலசை:
அது வேறு கதை.

உருப்படிக்கணக்கு:
வேறு கதை என்றால் இன்றைய கைக்கு வருவோம். ஈரச் சிமெண்டின் காரத்தன்மை பிஎச் 12க்கு மேல், தோலை அரிக்கும். அதிலுள்ள ஆறிணைய குரோமியம் ஒவ்வாமைப் புண்ணைக் கொண்டுவரும். ஒருமுறை வந்தால் அடுத்தடுத்துத் தொட்டாலே வரும். ஐரோப்பாவில் 2005 முதல் சிமெண்டில் தண்ணீரில் கரையும் அந்தக் குரோமியம் 2 பிபிஎம்மை, அதாவது பத்து லட்சத்தில் இரண்டு பங்கை, தாண்டக் கூடாது. கல் ஊறும் தொட்டியிலேயே கை கழுவுகிறார்கள் என்றால் அது சுண்ணாம்புத் தண்ணீர், கழுவியும் பயனில்லை. நல்ல தண்ணீர் தனி வாளியில் வேண்டும், நைட்ரைல் கையுறை வேண்டும். 2025 வரை இருந்த தொழிற்சாலைச் சட்டம் 1948, மின்சாரம் இல்லாத இடம் தொழிற்சாலை ஆக 20 பேர் வேண்டும் என்று கோடு போட்டிருந்தது. 19 பேரோடு நிறுத்திக்கொண்டால் கேட்க ஆளில்லாமல் இருந்தது. ஒன்று மட்டும் பிடித்துக்கொள்ளலாம்: அதே 1948ஆம் ஆண்டின் பழைய குறைந்தபட்சக் கூலிச் சட்டம், பிரிவு 17இல் இருந்த விதி. குறைந்தபட்ச எண்ணிக்கைக் கூலியை அரசு தனியாக நிர்ணயிக்காத தொழிலில் குறைந்தபட்ச நாள் கூலிக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2019 கூலிச் சட்டத்தொகுப்பிலும் அது இருக்கிறது.

பட்டறைப்பக்கம்:
வாளி, கையுறை, மழைநாள் கூலி, மூன்றுக்கும் சரி. கழிவைப் பாதிப் பாதி போடலாம். சதுர அடிக்கு எவ்வளவு ஏறும் என்று கணக்குப் போட்டுக் கொடுங்கள். வாங்குபவரிடம் அதை நீங்கள்தான் வந்து சொல்லணும்.