"பார்த்துக்கங்க டீச்சர்" என்று மட்டும் சொன்னேன், அது போதவில்லை

என் மகனுக்கு ரத்தப் புற்றுநோய், ஏ.எல்.எல். வகை. பல மாதம் ஆஸ்பத்திரியும் வீடுமாகக் கழிந்து, தினம் மாத்திரை, வாரம் ஒருநாள் மெத்தோட்ரெக்சேட் என்ற புற்றுநோய் மருந்து என்று, நோய் திரும்பாமல் பார்த்துக்கொள்ளும் மெயின்டனன்ஸ் கட்டம் வந்ததும், பள்ளிக்கு அனுப்பலாம் என்றார் டாக்டர். வகுப்பு டீச்சரிடம் "பார்த்துக்கங்க டீச்சர்" என்று சொல்லி விட்டுவந்தேன். எதைப் பார்ப்பது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

ஒருநாள் காலையிலேயே காய்ச்சல். டீச்சர் பாவம், அக்கறையாக பாராசிட்டமால் கொடுத்துப் படுக்க வைத்திருக்கிறார். கூப்பிடப் போன மாலையில்தான் எனக்குத் தெரிந்தது. கிருமியை எதிர்க்கும் வெள்ளணு சிகிச்சையால் குறைந்த பிள்ளைக்கு 100.4 டிகிரி தொட்டாலே அவசரம். மாத்திரை அதை மறைத்துவிடும். அன்றிரவே அட்மிட் செய்து ஆன்டிபயாட்டிக் ஏற்றினார்கள். டீச்சரைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. சொல்லாமல் விட்டது நான்.

அப்புறம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். காய்ச்சலென்றால் மாத்திரை வேண்டாம், உடனே போன். வகுப்பில் யாருக்காவது அம்மை போட்டிருந்தால் அன்றைக்கே சொல்லுங்கள். இதற்கு இரண்டு கோடு போட்டேன். நம் வீடுகளில் அம்மை என்றால் வாசலில் வேப்பிலை செருகிவிட்டு, பள்ளிக்கு "ஊருக்குப் போயிருக்கோம்" என்று சொல்லிவிடுவதுண்டு. பக்கத்தில் உட்கார்ந்த இவனுக்கோ கொப்புளம் வருமுன்பே மருந்து தர வேண்டியிருக்கும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார்.

இன்னொன்று, கையெழுத்து. இவனுக்குப் போடும் வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் ஊசி நரம்பைத் தளர்த்தும், பென்சில் நழுவும். நோட்டில் சிவப்பு மையில் "அக்கறை இல்லை" என்று இருந்தது. விஷயத்தைச் சொன்னதும் டீச்சர் அந்த வரியை அடித்துவிட்டு, தடிமனான முக்கோணப் பென்சில் ஒன்று வாங்கி வந்தார். "பாதி எழுது கண்ணா, மீதியை வாயால சொல்லு" என்றாராம். அன்று வீட்டுக்கு வந்து அதையே ஐந்து தடவை சொன்னான்.

பதில்: 

அம்மா, நான் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. என் வகுப்பிலும் இப்படி ஒரு பெண் குழந்தை. "ஒட்டிக்குமா மிஸ்?" என்று பெற்றோர் சிலர் கேட்டார்கள். ஒட்டவே ஒட்டாது என்று கூட்டத்தில் எழுந்து சொன்னேன். சிகிச்சைக்காக ஸ்டீராய்டு மருந்து எடுக்கும் நாட்களில் அவளுக்கு அகோரப் பசி, தொட்டதற்கெல்லாம் அழுகை. பாடம் நடக்கும்போதே டிபன் பாக்ஸைத் திறக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். முதலில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், இப்போது யாரும் கண்டுகொள்வதில்லை. ஜூனில் அவள் வேறு டீச்சரிடம் போகிறாள். நீங்கள் எழுதிய அந்தத் தாளில் உள்ளதை அப்படியே இங்கே போட முடியுமா? அவள் அம்மாவிடம் காட்டி, அவர்கள் டாக்டரையும் கேட்டுக்கொண்டு, புது டீச்சர் கையில் நானே கொடுக்கிறேன்.