பிள்ளைகள் கொயருக்குப் புதுப் பாட்டு: 6,000 வெள்ளி கொடுக்கலாமா, வேண்டாமா?

பட்டர்வொர்த்_அப்பா:
எங்கள் சனிக்கிழமைப் பாட்டு வகுப்பில் 26 பிள்ளைகள், 8 வயதிலிருந்து 13 வரை. டிசம்பரில் ஜார்ஜ் டவுனில் ஆண்டு நிகழ்ச்சி. வழக்கமாக இரண்டு தேவாரம், ஒரு பாரதி பாட்டு, கடைசியில் கைதட்டலுக்கு ஒரு சினிமாப் பாட்டு. இந்த முறை பினாங்குத் தீவில் இருக்கும் ஓர் இளம் இசையமைப்பாளரிடம் ஐந்து நிமிடப் புதுப் பாட்டு எழுதி வாங்கலாம் என்கிறார் டீச்சர். இரண்டு குரல் (பிள்ளைகள் இரண்டு அணியாக ஒரே நேரத்தில் வெவ்வேறு மெட்டில் பாடுவது), பியானோ. பாட்டு நம் பினாங்கு ஃபெரியைப் பற்றி. 6,000 வெள்ளி (ரிங்கிட்) கேட்கிறார். இப்படிக் காசு கொடுத்து எழுதச் சொல்வதை ஆங்கிலத்தில் 'கமிஷன்' என்பார்கள். பெற்றோர் கூட்டத்தில் அந்தச் சொல் வந்ததுமே பின்வரிசையில் ஒருவர், "யாருக்கு எவ்வளவு?" என்று கேட்டுவிட்டார். அதோடு கூட்டம் இரண்டாகிவிட்டது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

சுருதிப்பெட்டி:
வேண்டாம். ஒரு நாள் பாடிவிட்டு அலமாரியில் வைக்கப் போகும் தாளுக்கு 6,000 வெள்ளியா? திருமுறை ஓதும் விழாவுக்கு வருகிற பிள்ளைகளில் பாதிக்கு, தான் பாடும் பதிகம் எந்தப் பண் என்றே தெரியாது. முதலில் அதைச் சொல்லிக் கொடுங்கள். இரண்டு குரலை அடுக்கினால் கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடும் அழகு, போய்விடும். தோடி ராகத்தில் காந்தாரம் ஆடிக்கொண்டே இருக்கும் ஸ்வரம். அதன் தலையில் இன்னொரு குரலை எங்கே நிறுத்துவது? மேனாட்டு மெட்டுதான் ஆசை என்றால் முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்கள் முப்பதுக்கு மேல் இருக்கின்றன. அதற்குக் காசும் வேண்டாம்.

மேல்ஸ்தாயி:
சார், நோட்டுஸ்வரம் சமஸ்கிருதம், அதுவும் ஒரே குரல். டீச்சர் கேட்பது தமிழில் இரண்டு குரல். அது நமக்கு ஆகாது என்பதும் இல்லை. 1970களிலேயே எம். பி. சீனிவாசன் சென்னையில் இளைஞர் சேர்ந்திசைக் குழு வைத்து பாரதியைப் பல குரலில் பாட வைத்தார்.

தோடியில் செய்யச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஹங்கேரியில் கொடாய் என்ற இசையமைப்பாளர் பிள்ளைகள் கொயருக்கு எழுதியபோது பழைய நாட்டுப் பாட்டுகளின் ஐந்து ஸ்வரத்திலிருந்துதான் தொடங்கினார். அந்த ஐந்தையும் ஆர்மோனியத்தில் வாசித்துப் பாருங்கள், நம் சுத்த தன்யாசி ராகம் வந்து நிற்கும். சரளி வரிசை பாடிய பிள்ளைக்கு, ஸ எந்தக் கட்டையில் (சுருதியில்) இருந்தாலும் ஸதான் என்று தெரியும். கொடாய் முறையில், நம் ஸ போன்ற 'டோ'வும் அப்படியே இடம் மாறும். நம் பிள்ளைகள் பாதி வழியில் ஏற்கெனவே நிற்கிறார்கள்.

இன்னொன்று. பெஞ்சமின் பிரிட்டன் என்ற ஆங்கில இசையமைப்பாளர் 1933க்கும் 1935க்கும் இடையில் 12 பாட்டுகள் எழுதினார். யாருக்கு? வேல்ஸில் அவருடைய அண்ணன் தலைமையாசிரியராக இருந்த பள்ளிப் பிள்ளைகளுக்கு. அப்போது அவருக்கு வயது இருபது, இருபத்தொன்று. அந்தப் பாட்டுகளை இன்னும் பாடுகிறார்கள். அதனால் ஒரு நாள் பாட்டு, அலமாரி என்றெல்லாம் இப்போதே முடிவு கட்டாதீர்கள்.

சுருதிப்பெட்டி:
பன்னிரண்டு நின்றது, நிற்காதவை எத்தனை? அதை யார் எண்ணினார்கள்?

ஆயர்_ஈத்தாம்_அக்கா:
நான் இரண்டு பக்கமும் அடி வாங்கியவள், கேளுங்கள். சில வருடத்துக்கு முன் நாங்களும் இப்படி ஒரு புதுப் பாட்டு வாங்கினோம். எழுதியவர் யார் என்பது வேண்டாம், நல்ல பிள்ளைதான், தமிழ் தெரியாது. வரி "மலை மேலே மழை". அந்த 'ம' இரண்டையும் நான்கு நான்கு தாளத்துக்கு இழுத்து வைத்திருந்தார். பிள்ளைகள் பாடினால் "மாலை மேலே மாழை". ஒத்திகையில் முதல் வரிசையில் ஒரு பையன் சிரிக்க ஆரம்பித்தான், அன்றைக்கு வகுப்பே நடக்கவில்லை. குறில் நெடில் என்ன என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, நாங்களும் சொல்லவில்லை. 'பெண்' என்ற சொல்லில் நீட்ட வேண்டியதை ண் மேல் நிறுத்தியிருந்தார். 26 பிள்ளைகள் மூக்கால் முனகினால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆனால் அதற்கு முந்தின வருடம் சினிமாப் பாட்டு கரோக்கியில் பாடினோம். பெரிய ஆண் பாடகர் கட்டை. எட்டு வயதுப் பிள்ளைகள் கீழே எட்டாமல் கரகர என்று பேசினார்கள், அதைப் பாட்டு என்று சொல்ல முடியாது. அந்தப் புதுப் பாட்டு, ம இழுத்தாலும், பிள்ளைகள் குரலுக்கு எழுதியது: ஒரு கட்டை ஸவிலிருந்து மேல் ரி வரை. சொல்தான் தப்பு, சுருதி தப்பில்லை.

சட்டம்_படிச்சவன்:
ஒரு சின்ன விஷயம். மலேசியாவின் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் 26ஆம் பிரிவின்படி, காசு கொடுத்து எழுதச் சொன்ன படைப்பின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எழுதச் சொன்னவருக்கே போகும். பல இசையமைப்பாளர்களுக்கு இது தெரியாது. தெரிந்த பிறகு மனஸ்தாபம் வரும். அதனால் யார் உரிமை, வேறு கொயர் பாடலாமா, எத்தனை முறை திருத்தித் தர வேண்டும், எல்லாம் ஒரு பக்கத் தாளில் முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். வேறு தமிழ்ப்பள்ளிகளும் பாடலாம் என்று ஒரு வரி சேர்த்தால் அலமாரிப் பிரச்சினையும் கொஞ்சம் தீரும்.

சுருதிப்பெட்டி:
தாள் போடுங்கள், சரி. நான் இன்னும் வேண்டாம் பக்கம்தான். அக்கா சொன்ன மாலை கதைக்குப் பிறகு இன்னும் கெட்டியாக.

மேல்ஸ்தாயி:
சார், அந்தக் கதையில் தப்பு புதுப் பாட்டில் இல்லை. எழுதுகிறவர் பிள்ளைகளை ஒருமுறைகூடப் பார்க்காமல் எழுதியதில் இருக்கிறது. ஃபின்லாந்தில் 1963இல் தொடங்கிய தாப்பியோலா பிள்ளைகள் கொயருக்கு அந்த நாட்டின் பெரிய இசையமைப்பாளர்களே எழுதினார்கள். எந்தக் குரலுக்கு எழுதுகிறோம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் எழுதினார்கள். பட்டர்வொர்த் அண்ணே, அவர் ஒரு வரி எழுதுவதற்கு முன் இரண்டு சனிக்கிழமை வந்து உட்காரட்டும். வரிகளைப் பிள்ளைகள் வாயாலேயே படிக்கச் சொல்லிப் பதிவு செய்து கொடுங்கள், எந்த எழுத்து குறில் என்று காதிலேயே ஏறிவிடும்.

பட்டர்வொர்த்_அப்பா:
பதிவு நேற்றே என் மகளை வைத்து எடுத்தாயிற்று. 'கப்பல்' என்பதைப் 'பல்' மட்டும் சத்தமாகப் படிக்கிறாள், அதற்கு யார் பொறுப்பு என்று தெரியவில்லை. இசையமைப்பாளரிடமும் பேசினேன். வகுப்புக்கு வருகிறாராம், ஆனால் தீவிலிருந்து வர பினாங்குப் பாலத்து டோலும் பெட்ரோலும் தனியாம்.

சுருதிப்பெட்டி:
ஃபெரியைப் பற்றி எழுதுகிறவர் எதற்குப் பாலத்தில் வருகிறார்? ஃபெரியில் வரச் சொல்லுங்கள். அந்த டிக்கெட்டை வேண்டுமானால் நான் தருகிறேன்.