ராணுவ வரலாற்றுக்கான தேசிய அருங்காட்சியகம்: திட்டமிடும்போது எதை முதலில் முடிவு செய்ய வேண்டும்?

அருங்காட்சியகவியல் மாணவி:
வணக்கம். அமெரிக்கத் தரைப்படையின் தேசிய அருங்காட்சியகம் உருவான விதத்தைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதி வருகிறேன். அந்தப் படை 1775 ஜூன் 14 அன்று, நாடு தன் விடுதலையை அறிவிப்பதற்கு ஓராண்டுக்கு முன்பே, தோன்றியது. ஆனால் படை முழுமைக்குமான தேசிய அருங்காட்சியகம் 2020 நவம்பர் 11 அன்றுதான் வர்ஜீனியாவின் ஃபோர்ட் பெல்வார் ராணுவத் தளத்தில் திறக்கப்பட்டது. இத்தகைய திட்டத்தில் இடம், கட்டடம், காட்சிப்பொருள், சொல்லப்போகும் வரலாறு ஆகியவற்றுள் எதை முதலில் முடிவு செய்வது? தலைநகருக்கு வெளியே அமைத்தது சரிதானா?

பழம்பொருள் பேணுநர்:
கட்டடத்தின் வரைபடம் முடிவாகும் முன்பே பெரிய பொருள்களின் பட்டியல் உறுதியாக வேண்டும். 1944 டிசம்பரில் முற்றுகையிடப்பட்டிருந்த பெல்ஜியத்தின் பாஸ்டோன் நகரை முதலில் எட்டிய 'கோப்ரா கிங்' என்னும் ஷெர்மன் டாங்கி, முதல் உலகப் போர்க்கால ரெனோ டாங்கி, வீரர்களைக் கரையில் இறக்கும் ஹிக்கின்ஸ் படகு, 2003இல் ஈராக் போரில் ஈடுபட்ட பிராட்லி கவச ஊர்தி ஆகிய நான்கையும் பின்னர் உள்ளே கொண்டுவர வழியிருக்காது என்பதால், 2017இலேயே அவற்றை உரிய இடங்களில் இறக்கி வைத்து, சுற்றிலும் கட்டடத்தை எழுப்பினார்கள். கோப்ரா கிங்கின் எடை மட்டுமே ஏறத்தாழ 38 டன். கட்டடத் தரையின் வலிமையை அதற்கேற்பக் கணக்கிட வேண்டியிருக்கும்.

டாங்கிகளைவிட எனக்குக் கவலை தருபவை சீருடைகள், கொடிகள், கடிதங்கள். துணிகளுக்கு 50 லக்ஸ் (ஒளிச்செறிவின் அலகு) அளவுக்கு மேல் ஒளி படக் கூடாது என்பது பேணுநர்கள் பின்பற்றும் நடைமுறை. அந்த ஒளியிலும் அவற்றை நெடுங்காலம் வைத்திருக்காமல் மாற்றி மாற்றிக் காட்ட வேண்டும். ஆகவே காட்சிக்கூடத்துக்கு முன்பாகக் கிடங்குக்கு இடம் ஒதுக்கச் சொல்வேன்.

நகரமைப்புத் துறையில் பணியாற்றியவர்:
ஃபோர்ட் பெல்வாரில் நிலம் ராணுவத்தினுடையது. கட்டடச் செலவுக்கு ராணுவ வரலாற்று அறக்கட்டளை நன்கொடை திரட்டியது. பொதுமக்கள் தளத்தின் சோதனை வாயிலைக் கடக்காமலே வர முடிகிறது. நுழைவுக் கட்டணமும் இல்லை. ஆயினும் வாஷிங்டனின் நடுவே உள்ள அருங்காட்சியகங்களுக்கு நடந்து போகிற குடும்பம் இங்கே வாகனத்தில் தான் வர வேண்டும். பிரிட்டனின் தேசிய ராணுவ அருங்காட்சியகம் 1960இல் சாண்ட்ஹர்ஸ்ட் பயிற்சிக் கழகத்தில் தொடங்கி, 1971இல் லண்டனின் செல்சீ பகுதிக்கு இடம் மாறியது. பார்வையாளர் எண்ணிக்கை முக்கியமென்றால் நகருக்குள் சிறிய இடமே போதும் என்று கருதுகிறேன்.

வரலாற்று ஆசிரியர்:
இடத்தையும் பொருளையும் பற்றி மேலே சொன்னவற்றை ஏற்கிறேன். ஆனால் எந்த வரலாற்றைச் சொல்லப்போகிறோம் என்பது முடிவாகாமல் அவற்றைத் தேர்ந்தெடுக்க இயலாது. ஃபோர்ட் பெல்வாரில் கூடங்கள் கால வரிசையில் செல்கின்றன. படைக்கும் சமூகத்துக்கும் உள்ள உறவைப் பேசத் தனிக்கூடமும் உண்டு. செல்சீயிலோ 2017 மறுதிறப்பின்போது பொருள் வாரியாகப் பிரித்தார்கள். வரலாறு அறியாமல் வருபவருக்குக் கால வரிசையே துணை என்பது என் எண்ணம்.

கடினமான பகுதிகளை மூலையில் ஒதுக்கிவிடக் கூடாது. 1948இல் குடியரசுத் தலைவர் ட்ரூமன் படையில் இனப்பாகுபாட்டை நீக்க ஆணை பிறப்பிக்கும் வரை கறுப்பின வீரர்கள் பெரும்பாலும் தனிப் பிரிவுகளில்தான் போரிட்டார்கள். இரண்டாம் உலகப் போரின்போது குடும்பத்தினர் முள்வேலி முகாம்களில் அடைபட்டிருக்க, ஜப்பானிய வம்சாவளியினர் அதே நாட்டுக்காகப் போருக்குப் போனார்கள். அவர்களைப் பற்றிய சிறப்புக் கண்காட்சியை அந்த அருங்காட்சியகம் நடத்தியது பாராட்டுக்குரியது. பூர்வகுடிகளுக்கு எதிரான போர்களையும் இதே நேர்மையுடன் காட்ட வேண்டும்.

லண்டனில் உள்ள அருங்காட்சியகத்தின் வரம்பில் 1947 வரையிலான இந்தியப் படையும் அடங்கும் என்பதால் இந்தக் கேள்வி நம்மையும் தொடுகிறது. 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததை அதிகாரிகளின் அறிக்கைகளை மட்டும் வைத்து விளக்கினால், தலைப்பாகை குறித்தும் நெற்றிக்குறி குறித்தும் வந்த உத்தரவுகள் அவர்களை எப்படிப் புண்படுத்தின என்பது பார்வையாளருக்குப் புரியாது.

அருங்காட்சியகவியல் மாணவி:
மிக்க நன்றி. முன்னாள் வீரர்களின் நேர்காணல்களை எந்தக் கட்டத்தில் தொடங்குவது?

வரலாற்று ஆசிரியர்:
நிதி திரட்டும் குழுவை அமைக்கும்போதே ஒலிப்பதிவுக் குழுவையும் அமைத்துவிடுவது நல்லது. இரண்டாம் உலகப் போரில் பங்கேற்றவர்களில் இன்று உயிரோடு இருப்பவர்கள் ஏறத்தாழ நூறு வயதினர்.