துப்பாக்கிக் கட்டையில் விரிசல்: எங்களுக்கு நேர்ந்தது

எங்கள் தோட்டம் தாண்டிக்குடிப் பக்கம். காப்பி, ஊடே மிளகு, கொஞ்சம் மலைவாழை. தாத்தா வாங்கிய வெப்லி அண்ட் ஸ்காட் இரட்டைக்குழல் ஒன்று வீட்டில் இருக்கிறது. பர்மிங்ஹாமில் செய்த 12 போர் (குழலின் அளவு). அவருக்குப் பிறகு அப்பா பெயருக்கு, அப்புறம் என் பெயருக்கு என்று உரிமம் கைமாறி வந்தது. 2024 தேர்தலுக்கு எல்லோரையும் போல ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு ஜூனில் வாங்கி வந்தேன். குழலைத் திறந்து காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் துடைக்க உட்கார்ந்தேன். கட்டையின் கழுத்தில், அதாவது கை பிடிக்கிற ஒடுங்கிய இடத்தில், குழலையும் கட்டையையும் சேர்க்கும் இரும்புப் பகுதியான ஆக்‌ஷனிலிருந்து வால் மாதிரி நீளும் இரும்பு முடிகிற இடத்துக்குப் பின்னால், ஒரு தலைமுடி ஒட்டியிருப்பது போலத் தெரிந்தது. துணியால் தட்டினேன், போகவில்லை. கட்டைவிரலால் அமுக்கியதும் அந்தக் கோட்டில் எண்ணெய் பொடிப் பொடியாக வியர்த்தது. விரலை எடுத்தால் உள்ளே போய்விட்டது.

வைத்திருந்த இடத்தில் யாரோ கீழே போட்டுவிட்டார்கள் என்றுதான் முதலில் கோபம் வந்தது. அது நியாயமான கோபம் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. அவசரப்பட்டு, ஐந்து நிமிடத்தில் இறுகுகிற பசை ஒன்றை வாங்கி விரிசலில் விட்டேன். இரண்டே வெடி. விரிசல் ஒரு விரற்கடை நீண்டுவிட்டது.

சரி, இனி நாம் தொடக்கூடாது என்று மதுரையில் உரிமம் உள்ள ஒரு துப்பாக்கிக் கடைக்கு எடுத்துப் போனேன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், 1959 ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி துப்பாக்கி பழுது பார்க்கிறவருக்கும் உரிமம் வேண்டும். ஊரில் தெரிந்த தச்சரிடம் கொடுத்தால் அவரையும் வம்பில் மாட்டிவிடுகிறோம்.

அங்கிருந்த மிஸ்திரி பெரியவர். திருகாணிகளைக் கழற்றிக் கட்டையைப் பிரித்ததும் உள்பக்கத்தைக் காட்டினார். இரும்பு உட்காரும் இடம் முழுக்கக் கறுத்துக் கிடந்தது. நகத்தால் கீறினால் மரம் பிசுபிசுவென்று வந்தது. "தம்பி, வீட்ல எப்படி நிறுத்தி வைப்பீங்க?" என்றார். பீரோ மூலையில், குழல் மேலே பார்க்க. அப்பா மாதம் தவறாமல் எண்ணெய் போடுவார், அதுவும் தாராளமாக. நாற்பது வருடமாக அந்த எண்ணெய் ஒவ்வொரு சொட்டாக இறங்கிக் கட்டையின் தலையில்தான் ஊறியிருக்கிறது. ஊறிய மரம் மெத்தென்று ஆகிவிடுகிறது. ஒவ்வொரு முறை சுடும்போதும் ஆக்‌ஷன் பின்னால் நெருக்கி உட்கார, அந்த வால் ஆப்பு மாதிரி மரத்தைப் பிளக்கிறது. ஆக, விரிசல் எப்போதோ விழுந்துவிட்டது. என் கண்ணில் பட்டதுதான் ஜூனில்.

ஒட்டுவது ஒரு நாள் வேலை. எண்ணெயை எடுக்கத்தான் ஒன்பது நாள் ஆனது. வெள்ளைச் சுண்ணக்கட்டித் தூளை அசிட்டோனில் குழைத்து, கறுத்த இடத்தில் அப்பி வைத்தார். வெள்ளையாக அப்பியது மாலையில் பால் தேநீர் நிறத்துக்கு வந்துவிடும். சுரண்டிவிட்டு மறுபடி அப்புவார். நான் போன இரண்டு தடவையும் பார்த்தேன். கடைசியில் தூள் வெள்ளையாகவே உதிர்ந்த பிறகுதான் பசையைத் தொட்டார். அதுவும் மெதுவாக இறுகும் அரால்டைட். லேசாகச் சூடாக்கி இளக்கி, விரிசலை மெல்லிய ஆப்பால் விரித்து உள்ளே ஓடவிட்டு, சைக்கிள் டியூபைக் கீற்றாக வெட்டி இறுக்கிச் சுற்றி ஒரு முழு நாள் வைத்தார். பிறகு உள்பக்கத்திலிருந்து குறுக்கே ஒரு பித்தளைக் கம்பி இறக்கினார். வெளியே தெரியாது.

எனக்கு முக்கியமாகப் பட்டது கடைசியில் அவர் செய்தது. வாலின் நுனிக்குப் பின்னால் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவுக்கு மரத்தைச் சீவிவிட்டார். உதையை ஆக்‌ஷனின் தட்டையான பின்முகம் வாங்க வேண்டும், வால் நுனி மரத்தைத் தொடவே கூடாது என்றார். அந்த இடைவெளி இல்லாமல் எவ்வளவு நல்ல பசை போட்டாலும் மறுபடி அங்கேதான் பிளக்கும். இப்போது எங்கள் வீட்டில் குழல் கீழே பார்க்கத்தான் நிற்கிறது, அடியில் மடித்த கம்பளித் துண்டு.

*

அண்ணன் எழுதியதைப் படித்ததும் என் அனுபவமும் சொல்லத் தோன்றியது. குடகில் ஒரு எஸ்டேட்டில் ரைட்டராக (கணக்கு எழுதுபவர்) இருக்கிறேன். முதலாளி கொடவர், குடகின் பூர்வீகச் சமூகம். செப்டம்பரில் கைல்போது பண்டிகைக்குத் துப்பாக்கிகளை எடுத்துத் துடைத்து, செங்காந்தள் பூ வைத்துக் கும்பிடுவார்கள். பிறகு மரத்தில் தேங்காய் கட்டிச் சுடும் போட்டி நடக்கும். அதற்கு முன், நாற்று நட்டு முடியும்வரை துப்பாக்கிகள் பூஜை அறையில்தான் இருக்கும், அதாவது மழைக்காலம் முழுக்க.

ஒரு வருடம் அப்படி எடுத்த ஒற்றைக்குழலில் கட்டை லேசாக ஆடியது. எல்லாருக்கும் சந்தேகம், யாருக்கும் பார்க்கப் பொறுமையில்லை. மூன்றாவது தேங்காய்க்கு இரும்பை ஒட்டிய ஓரத்தில் ஒரு சில்லு தெறித்து விழுந்தது. அந்த மாதிரித் துப்பாக்கியில் கட்டையைப் பிடித்திருப்பது அதன் உள்ளே நீளவாக்கில் போகும் ஒரே ஒரு போல்ட். மரம் மழையில் உப்பி, கோடையில் சுருங்க, போல்ட் தளர்ந்துவிடுகிறது. தளர்ந்தபின் ஒவ்வொரு வெடியும் சுத்தியல் அடிதான். பின்பக்கத் தகட்டைக் கழற்றி, நீள ஸ்க்ரூடிரைவரால் அரைச் சுற்று திருகியிருந்தால் போதும். தெறித்த சில்லைத் தேடி எடுத்து வைத்திருந்ததால் அதையே ஒட்டினார்கள், மரத்தின் ரேகை கச்சிதமாகச் சேர்ந்தது. சில்லை மட்டும் தொலைத்துவிடாதீர்கள்.

*

என்னுடையது ஒட்டும் நிலையைத் தாண்டிவிட்டது. ஜீப்பிலிருந்து விழுந்து கழுத்திலேயே இரண்டாக முறிந்தது. கோவையில் கடைக்காரர், கழுத்து முறிந்ததை ஒட்டித் தருகிறேன், ஆனால் தோளில் வைத்து வெடிக்காதீர்கள் என்றார். அவர் சொன்னதை மதித்துப் புதுக்கட்டை போட்டேன்.

என் ஆசைக்கு முதலில் ஈட்டி மரத்தில் செய்தோம். பார்க்க அவ்வளவு அழகு. தூக்கினால் பின்பக்கம் கனத்து, குழல் மேலே எழும்பியது. ஈட்டி கன மீட்டருக்கு சுமார் 850 கிலோ, வால்நட் சுமார் 650. கையில் அந்த வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது. கடைசியில் காஷ்மீர் வால்நட்டுக்கே வந்தோம். பலகை எடுக்கும்போது ரேகை சுழன்று பூவேலை மாதிரி தெரிகிற துண்டைக் கேட்டேன். அங்கிருந்த ஆசாரி, பூ எல்லாம் பின்பக்கம் இருக்கட்டும், கழுத்தில் ரேகை நேராக நீளவாக்கில் ஓட வேண்டும் என்று வேறு பலகை எடுத்தார். ரேகை குறுக்கே போனால் கழுத்து பிஸ்கட் மாதிரி ஒடியும் என்றார்.

இரும்பை மரத்தில் உட்கார வைத்த விதத்தை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். விளக்குக் கரியை இரும்பில் தடவி மரத்தில் வைத்து எடுப்பார். கரி ஒட்டிய இடத்தை மட்டும் உளியால் ஒரு சீவல். மறுபடி கரி, மறுபடி வைப்பு. முதலில் இரண்டு மூன்று புள்ளிதான் கறுக்கும். மாலைக்குள் ஆக்‌ஷனின் பின்முகம் முழுவதும் ஒரே சீராகக் கரி படிந்தது. அதைக் காட்டிவிட்டுத்தான் அவர் தேநீர் குடிக்க எழுந்தார்.