நியர்-ஃபீல்டு ஸ்கேன்: பீமைக் குறுக்காகத் திருப்பினால் மட்டும் ஒரு போலி லோப்

கேட்டவர்:
வணக்கம். ஆன்டெனாவின் பக்கத்திலேயே அலையை அளந்து, தொலைவில் அது எந்தத் திசையில் எவ்வளவு வீசும் (பேட்டர்ன்) என்று கணக்கிடும் நியர்-ஃபீல்டு ஸ்கேன் செய்கிறோம். 10 கிகாஹெர்ட்ஸ், 8×8 பேட்ச் அரே (64 சிறு ஆன்டெனாக்களின் அணி), எலிமென்ட் இடைவெளி 15 மிமீ. சமதள ஸ்கேன் 900×900 மிமீ. இரு திசையிலும் 15 மிமீக்கு ஒரு புள்ளி, அதாவது அரை அலைநீளம். டபிள்யூ.ஆர்-90 அலைவழியின் திறந்த முனைதான் ப்ரோப் (அலையை வாங்கும் முனை), அரேயிலிருந்து 100 மிமீ தள்ளி. நேரம் மிச்சமாகட்டும் என்று ப்ரோப்பை நிறுத்தாமல் நொடிக்கு 40 மிமீ வேகத்தில் ஓட்டுகிறோம். உழவு சால் மாதிரி, ஒரு வரிசை இடமிருந்து வலம், அடுத்தது வலமிருந்து இடம். ஒவ்வொரு புள்ளியிலும் வி.என்.ஏ (அலையின் அளவையும் ஃபேஸையும், அதாவது கட்டத்தையும், அளக்கும் கருவி) 9.5 முதல் 10 கிகாஹெர்ட்ஸ் வரை 16 அதிர்வெண்களை ஒன்றன்பின் ஒன்றாக எடுக்கும்.

பீம் நேராக இருந்தால் பேட்டர்ன் சுத்தம். மேல்நோக்கி மட்டும் திருப்பினாலும் சுத்தம். திசைக்கொசைன் (பீம் அந்த அச்சோடு ஆக்கும் கோணத்தின் கொசைன்) கிடைமட்டத்தில் 0.4, செங்குத்தில் 0.5 என்று குறுக்காகத் திருப்பினால் மட்டும் (0.4, −0.5) இல் ஒரு லோப் (தேவையில்லாத துணைக் கற்றை) முளைக்கிறது, பீமை ஒப்பிட்டால் −26 டெசிபல். இரண்டு வாரமாகத் தலையைப் பிய்த்துக்கொள்கிறேன்.

பதில் 1:
கேபிளைப் பாருங்கள். ப்ரோப்போடு சேர்ந்து வளையும்போது ஃபேஸ் மாறும். எனக்கு ஒருமுறை பீமே ஒரு டிகிரி சாய்ந்து காட்டியது.

கேட்டவர்:
ஃபேஸ் நிலைத்த கேபிள் மாற்றியாயிற்று. ஒரு மாற்றமும் இல்லை.

பதில் 2:
பீமைத் திருப்பும் ஃபேஸ் ஷிஃப்டர் எத்தனை பிட்? அது படிப்படியாகத்தானே மாறும், அதில் வரும் லோபாக இருக்கலாம்.

பதில் 3:
இருக்கலாம், ஆனால் ஊகிப்பானேன்? செங்குத்து இடைவெளியை மட்டும் 12 மிமீ ஆக்கி மறுபடி ஸ்கேன் பண்ணுங்கள் தம்பி. லோப் ஆன்டெனாவுடையது என்றால் இருந்த இடத்திலேயே இருக்கும். ஸ்கேனர் செய்யும் வேலை என்றால் −0.75க்கு நகரும்.

கேட்டவர்:
சார், அச்சு அசலாக −0.75! எப்படிச் சொன்னீர்கள்?

பதில் 3:
ஒற்றை வரிசைக்கும் இரட்டை வரிசைக்கும் ஏதோ வித்தியாசம் இருந்தால், அது இரண்டு வரிசைக்கு ஒருமுறை திரும்ப வரும். 15 மிமீ இடைவெளியில் அது 30 மிமீ, சரியாக ஒரு அலைநீளம். ஆகவே பீமின் நகல் 1 தள்ளி விழும்: 0.5 − 1 = −0.5. 12 மிமீ என்றால் 30/24, அதாவது 1.25 தள்ளி.

வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? உங்கள் வி.என்.ஏவின் ஐ.எஃப் அகலம் (அளவைக்கான வடிகட்டியின் அகலம்; குறுகினால் நேரம் கூடும்) 1 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொண்டால், ஒரு அதிர்வெண்ணுக்குச் சுமார் 1 மில்லிநொடி. அதிர்வெண் பட்டியலில் கடைசியாக நிற்கும் 10 கிகாஹெர்ட்ஸ், ட்ரிகர் (அளக்கத் தொடங்கச் சொல்லும் சைகை) வந்து 15 மில்லிநொடி கழித்து அளக்கப்படுகிறது. அதற்குள் ப்ரோப் 0.6 மிமீ போய்விடும். போகும்போது வலப்பக்கம், வரும்போது இடப்பக்கம். கிடைமட்டம் 0.4 என்றால் ஃபேஸ் பிழை ±2.9 டிகிரி. கணக்குப் போடுங்கள், −26 டெசிபல்தான் வரும். கிடைமட்டம் பூஜ்யம் என்றால் 0.6 மிமீ நகர்ந்தாலும் ஃபேஸ் மாறாது. நேர் பீம் சுத்தமாகத் தெரிந்ததற்கு அதுதான் காரணம்.

9.5இல் லோப் இருக்கிறதா?

கேட்டவர்:
இல்லை சார். இப்போதுதான் பார்த்தேன். மேலே போகப் போகத்தான் எழும்புகிறது. ஐ.எஃப் அகலமும் 1 கிலோஹெர்ட்ஸ்தான். இனி ஒரே திசையில் மட்டும் ஸ்கேன் பண்ணட்டுமா?

பதில் 3:
பண்ணலாம், நேரம் இரட்டிப்பாகும். அதற்குள் வெப்பநிலையால் ஃபேஸ் நகரும், அது வேறு தலைவலி. பழைய டேட்டாவையே காப்பாற்றலாம். ஒவ்வொரு வரிசையையும் தனியாக ஃபூரியர் மாற்றம் செய்து, அந்த அதிர்வெண்ணின் நகர்வுக்கு உரிய ஃபேஸ் சரிவால் பெருக்குங்கள். ஒற்றை வரிசைக்கு ஒரு குறி, இரட்டைக்கு எதிர்க்குறி. தாமதத்தை என் ஊகத்தில் விடாதீர்கள். ஒரே வரிசையைப் போயும் வந்தும் எடுத்து ஒப்பிட்டால் கிடைத்துவிடும்.

கேட்டவர்:
செய்துவிட்டேன். முதலில் லோப் −20க்கு ஏறிவிட்டது, பயந்துபோனேன். குறியை மாற்றிப் போட்டிருக்கிறேன்! திருத்தியதும் இரைச்சலுக்குள் மறைந்துவிட்டது.

பதில் 2:
பாவம், நான் அந்த ஃபேஸ் ஷிஃப்டரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.